முன் விறாந்தைக்கு வந்த பழைய வாங்கு

எங்கள் வீட்டு முன் விறாந்தை ஒன்பதடி நீளமும் ஐந்தடி அகலமும் கொண்டது. கிளிநொச்சி மாவட்டத்து முரசுமோட்டையில், பரந்தன்–முல்லைத்தீவு வீதியிலிருந்து உள்ளே இறங்கும் ஒரு கிறவல் ஒழுங்கையில் கிழக்கே பார்த்தபடி நிற்கும் இந்த வீட்டை, இந்திய வீட்டுத்திட்டத்தின் கீழ் கட்டம் கட்டமாக வங்கிக்கு வந்த ஐந்தரை இலட்சம் ரூபாவையும் எங்கள் கையிலிருந்த கொஞ்சப் பணத்தையும் கொண்டு நாங்களே முன்னின்று கட்டினோம். 2013இல் குடிபுகுந்தபோது விறாந்தையில் இரண்டு பிளாஸ்ரிக் கதிரைகள் இருந்தன. பத்து ஆண்டுகள் கழித்தும் அதே இரண்டு கதிரைகள்தான் இருந்தன; ஒன்றுக்குக் கால் வெடித்து, அதைக் கம்பியால் இழுத்துக் கட்டியிருந்தோம்.

வன்னியில் பழைய தளபாடம் என்று பேசத் தொடங்கினால் ஒரு விடயத்தைச் சொல்லாமல் அப்பால் போக முடியாது. வேறு ஊர்களில் பாட்டி காலத்து அலுமாரியும் அப்பாவின் சாய்மனைக் கதிரையும் வீட்டோடு வருபவை. 2009இல் கையில் அகப்பட்டதை மட்டும் எடுத்துக்கொண்டு கிழக்கே நகர்ந்த எங்களுக்கு, திரும்பி வந்தபோது காணியில் கிணற்றுக் கட்டும் அத்திவாரமும் மட்டுமே எஞ்சியிருந்தன. நிலைகளும் கதவுகளும்கூட இல்லை. ஆகவே இந்தப் பகுதியில் பல வீடுகளில் உள்ள மிகப் பழைய மரச்சாமானின் வயது, அந்த வீட்டின் கடைசிப் பிள்ளையின் வயதை விடச் சற்றுத்தான் கூடுதலாக இருக்கும். பழையது வேண்டுமென்றால் அது இன்னொருவருடைய பழையதாகத்தான் இருக்க முடியும். என் அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. அவருடைய மறுப்பு எங்கள் திட்டத்தைப் பல இடங்களில் மாற்றியது. நன்மைக்கே மாற்றியது என்று இப்போது சொல்வேன்.

முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். விறாந்தையில் செருப்புகள் சிதறிக் கிடப்பதைச் சகிக்காமல், 2023 புரட்டாதியில், நகரிலிருந்த ஒரு பழைய சாமான் கடையில் செருப்பு அலுமாரி ஒன்றை 8,500 ரூபாவுக்கு வாங்கினேன். தேக்கு நிறத்தில், மரத்தின் வரிகளோடு, கீறல் ஏதுமின்றி இருந்தது. தொட்டுப் பார்த்தேன், திறந்து பார்த்தேன், தூக்கிப் பார்க்கவில்லை. கார்த்திகையில் வாடைக்காற்றோடு மழை பிடித்தபோது, வடகிழக்கிலிருந்து அடித்த தூவானம் நேராக விறாந்தைக்குள் வந்தது. இரண்டாவது கிழமையில் அந்த அலுமாரியின் அடிப்பலகை தேநீரில் தோய்த்த ரஸ்க் போல ஊதியது. மரத்தின் வரிகள் என்று நான் நினைத்தது மேலே ஒட்டியிருந்த அச்சுத் தாள். அது உரிந்து சுருண்டபோது உள்ளே மரத்தூளை அழுத்திச் செய்த சிப்போட் தெரிந்தது. பிணைச்சலின் திருகாணிகள் பிடிமானமின்றிக் கழன்று, ஒரு கதவு கையோடு வந்தது. கடைக்காரர் அதை மரம் என்று சொல்லித்தான் விற்றார். என்றாலும் விளிம்பைப் பார்க்காமல் வாங்கியது நான்.

சிப்போட்டைக் கண்டுபிடிப்பது கடினமன்று. பின்புறத்தையும் அடிப்புறத்தையும் பார்க்க வேண்டும். முன்பக்கத்தை அழகாக்குபவர்கள் பின்பக்கத்தை அப்படியே விட்டுவிடுவார்கள். உண்மையான பலகையில் மேற்பரப்பில் ஓடும் வரி விளிம்பிலும் தொடர்ந்து, வெட்டுமுகத்தில் வளையங்களாகத் தெரியும். சிப்போட்டில் விளிம்பு ஒரு நாடாவால் மூடப்பட்டிருக்கும். நகத்தால் நெருடினால் நாடா அசையும். பிணைச்சல் பூட்டிய இடத்தில் தூள் உதிர்ந்திருந்தால் ஐயமே வேண்டாம். உள் அறையில், ஈரம் அணுகாத இடத்தில், சிப்போட் அலுமாரி பல ஆண்டுகள் நிற்கும். அதை நான் குறை சொல்லவில்லை. வாடைக்கு முகம் கொடுக்கும் விறாந்தைக்கு அது ஆகாது.

அந்த இழப்புக்குப் பிறகு உடனே எதையும் வாங்காமல், ஒரு கிழமை விறாந்தையைக் கவனித்தேன். ஒரு சனிக்கிழமை மாலை எண்ணியபோது பதினொரு சோடிச் செருப்புகள், இரண்டு தலைக்கவசங்கள், மூன்று பைகள், இரண்டு குடைகள், ஒரு மண்வெட்டி, பால் கொண்டுவந்தவர் விட்டுச் சென்ற போத்தல் ஆகியவை அங்கே இருந்தன. அதைவிட முக்கியமாக, வந்தவர்களில் பாதிப்பேர் வீட்டுக்குள் வரவேயில்லை என்பதையும் கண்டேன். கிராம அலுவலரின் அறிவித்தலைச் சொல்ல வந்தவர், சீட்டுக்காசு கொடுக்க வந்த அக்கா, வயல் உழவு பேச வந்த அண்ணை எல்லோரும் அரைச்சுவரில் சாய்ந்தபடியோ படியில் குந்தியபடியோ பேசிவிட்டுப் போனார்கள். எங்கள் ஊரில் முன் விறாந்தை வெறும் வழியன்று. அது பாதி வரவேற்பறை. ஆகவே செருப்பு அலுமாரியிலிருந்து தொடங்கியதே பிழை, முதலில் வேண்டியது இருக்கை என்பது எனக்கு விளங்கியது.

அடுத்து அளவு. பழைய பத்திரிகைத் தாள்களை ஒட்டி, ஆறடிக்கு ஒன்றேகாலடி வாங்கு (நீள மர இருக்கை) ஒன்றின் அளவில் வெட்டி, நிலத்தில் விரித்து இரண்டு நாள் விட்டோம். கதவு திறக்கிறதா, மோட்டார் சைக்கிளை இரவில் ஏற்றி நிறுத்த இடம் மிஞ்சுகிறதா, அம்மா ஊன்றுகோலோடு நடக்கும்போது தடுக்கிறதா என்றெல்லாம் தாளே சொல்லிவிட்டது. முதலில் நான் நினைத்த இடம் யன்னலுக்குக் கீழே. அங்கே வைத்தால் யன்னல் கதவு திறக்கும்போது இருப்பவரின் தலையில் முட்டும் என்பதை மகன்தான் தாளின்மேல் குந்தியிருந்து காட்டினான். நடப்பதற்கு மூன்றடி வெளியாக விட்டு, வடக்குச் சுவரோடு வைப்பது என்று தீர்மானித்தோம். அந்தச் சுவருக்குத் தூவானம் குறைவாகப் படும் என்பது கூடுதல் நன்மை. நல்லநாள் பெருநாளில் நிறைகுடம் வைக்கவும் இடம் வேண்டும் என்பதால், எதை வாங்கினாலும் இரண்டு பேர் தூக்கி அப்புறப்படுத்தக்கூடியதாக இருக்க வேண்டும் என்று அம்மா ஒரு நிபந்தனை போட்டார்.

வாங்கு கிடைத்தது தற்செயலாக. பரந்தன் பக்கத்தில் தனியாக இருந்த ஒரு வயதான அம்மாவை அவருடைய மகள் வவுனியாவுக்குத் தன்னோடு கூட்டிச் செல்லவிருந்தார்; வீட்டுச் சாமான்களை விற்கிறார்கள் என்று பாடசாலையில் கேள்விப்பட்டுப் போனோம். முன்பக்கத்தில், தடித்த பச்சைப் பெயின்ற் பூசிய ஒரு வாங்கு இருந்தது. இந்த முறை நான் முதலில் செய்தது அதன் ஒரு முனையைத் தூக்கியதுதான். ஆறடி வாங்கின் ஒரு முனையை உயர்த்தவே இரண்டு கையும் வேண்டியிருந்தது. கணவர் அதைக் கவிழ்த்து, பெயின்ற் படாத அடிப்பக்கத்தைப் பேனாக்கத்தியால் மெல்லச் சுரண்டினார். உள்ளே வெளிர் மஞ்சளாக, வெயில் பட்டதும் பட்டுத்துணி போல ஒளி அசையும் மரம் தெரிந்தது. அது முதிரை. வன்னிக் காடுகளின் மரம். பாலைக்கு அடுத்தபடியாக இந்தப் பக்கத்து ஓடாவிமார் மரியாதையோடு பேசும் மரம்.

அந்த அம்மா 7,500 ரூபா கேட்டார். கணவர் ஆறாயிரத்தில் பேச்சைத் தொடங்கியதும் என் அம்மா இடைமறித்தார். “விலை பேசாதேங்கோ தம்பி. அந்த மனிசி இருந்து எழும்பின வாங்கு.” பழைய சாமான் வாங்குவதையே விரும்பாத அம்மா அப்படிச் சொன்னது எனக்கு வியப்பாக இருந்தது. வீட்டுக்கு வரும் வழியில், விசுவமடுவில் நாங்கள் விட்டுவந்த வாங்கைப் பற்றி முதன்முறையாகப் பேசினார். அதுவும் ஆறடி, அதற்கும் மூன்று சோடிக் கால்கள், அது இப்போது யாருடைய வீட்டிலாவது கிடக்கும் என்றார். இதனால் நான் ஒரு விதி வைத்துக்கொண்டேன்: யாருடைய வீட்டிலிருந்து வந்தது என்று சொல்லத் தயங்குபவரிடம் எதையும் வாங்குவதில்லை. கடையில் வாங்கினாலும் பற்றுச்சீட்டுக் கேட்கிறேன். வழியில் மறித்துக் கேட்டால் காட்டவும் அது உதவும்.

இரண்டாவது பொருள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது. பெரிய பழைய வீடுகள் இடிக்கப்படும்போதும், வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் வீட்டை விற்கும்போதும் அங்கேயுள்ள கடைகளுக்குச் சாமான்கள் வந்து சேர்கின்றன. அங்கே 11,000 ரூபாவுக்கு வாங்கியது, கதவுகளில் கம்பிவலை அடித்த ஒரு சாப்பாட்டு அலுமாரி. தேக்குச் சட்டம், நான்கு தட்டு, அடியில் ஒரு லாச்சி. குளிர்சாதனப் பெட்டி வராத காலத்தில் கறிச்சட்டிகளை அதற்குள் வைத்து, எறும்பு ஏறாமல் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்துவார்கள். காற்றோட்டமான வலைக்கதவு என்பதால் நனைந்த செருப்புக்கு இதைவிடப் பொருத்தமானது கிடையாது என்ற மகிழ்ச்சியில் அதைக் கொண்டுவந்தேன். அம்மா அதைச் சுற்றிவந்து பார்த்தார்.

“உது சாப்பாடு வைச்ச அலுமாரியெல்லே, பிள்ளை. உதுக்குள்ளயோ செருப்பு வைக்கப் போறாய்?”

இருபது ஆண்டுகளாக எவரும் அதில் சோறு வைத்திருக்கமாட்டார்கள் என்று வாதாடிப் பார்த்தேன். வாதத்தில் வென்றாலும் வீட்டில் தோற்றுவிடுவேன் என்பது தெரிந்ததால் திட்டத்தை மாற்றினோம். அலுமாரியில் மேல்தட்டுகளில் தலைக்கவசங்களும் பாடசாலைப் பைகளும், கீழே குடைகளும் மழை அங்கிகளும் வைத்தோம். லாச்சிக்குள் திறப்புகள், மின்பட்டியல், டோர்ச். செருப்புக்கு, கூரைவேலையில் எஞ்சிக் கிடந்த பனஞ்சலாகைகளைக் கொண்டு இரண்டு தட்டுள்ள திறந்த ஏணி ஒன்றைச் செய்தோம். யோசித்துப் பார்த்தால் அதுதான் சரி. மூடிய செருப்புப் பெட்டி எங்கள் ஊருக்கு ஆபத்தானது. சுற்றிவர வயல், மழைக்கும் அரிவி வெட்டுக்கும் பாம்பு வீடு தேடி வரும், தேளும் பூரானும் ஈரச் சப்பாத்துக்குள் சுருளும். நிலத்திலிருந்து அரை அடி உயர்ந்து, இரண்டு பக்கமும் வெளிச்சம் ஊடுருவும் ஏணியின் அடியில் என்ன கிடக்கிறது என்பது தூரத்திலேயே தெரியும். அப்படியிருந்தும் சப்பாத்தைத் தட்டிவிட்டுப் போடும் பழக்கத்தைப் பிள்ளைகள் விடக்கூடாது.

அலுமாரியை நேராக விறாந்தைக்குக் கொண்டுவராமல், பின்பக்கக் கொட்டிலில் கறுப்புத் தாள் ஒன்றின்மேல் பத்து நாள் நிறுத்தி வைத்தோம். இது எங்களுக்கு வேலை செய்த ஓடாவி ஐயா சொன்ன முறை. பழைய மரத்தில் குண்டூசி முனையளவு ஓட்டைகள் இருப்பது வழக்கம். அவை பழைய காயங்களா, உள்ளே இன்னும் பூச்சி இருக்கிறதா என்பதுதான் கேள்வி. பூச்சி உயிரோடிருந்தால் புதிய தூள் கொட்டும். நான்காம் நாள் காலையில், அலுமாரியின் பின்பக்கத்துக்கு நேர் கீழே, குழந்தைகளுக்குப் பூசும் பவுடர் போல வெளிறிய தூள் இரண்டு சிறு குவியல்களாகக் கிடந்தது. தேக்குச் சட்டத்தில் ஒன்றுமில்லை. பின்னால் அடித்திருந்த மாம்பலகைதான் உளுத்திருந்தது. ஐயா அதைக் கழற்றி, விரலால் அழுத்திக் காட்டினார். விரல் உள்ளே போயிற்று. அந்தப் பலகையை எரித்துவிட்டு, வேம்பம் பலகை அடித்தோம். மீதிச் சட்டத்துக்கு, வெண்காரத்தையும் போரிக் அமிலத் தூளையும் சுடுநீரில் கரைத்து இரண்டு தடவை பூசினோம். வார்னிஷோ பெயின்ற்றோ இல்லாத வெறும் மரத்தில் பூசினால்தான் அது உள்ளே இறங்கும். மழையில் கரைந்துபோகும் என்பதால், நன்றாகக் காய்ந்த பின் மேலே வார்னிஷ் பூசி மூடவும் வேண்டும். மண்ணெண்ணெய் பூசினால் போதும் என்று சிலர் சொன்னார்கள். அது பறந்துபோய்விடும், மணம் மட்டும் தங்கும்.

வாங்கில் பூச்சி இல்லை. அங்கே சிக்கல் பெயின்ற். பழைய பெயின்ற்றைச் சுரண்டுவதற்கு முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெயின்ற்றில் ஈயத்தின் அளவைக் கட்டுப்படுத்தும் விதி இலங்கையில் 2013இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய தடித்த எனாமலில் ஈயம் இருக்கக்கூடும் என்று எண்ணிக்கொள்வதே புத்தி. அதன் தூள் சிறுபிள்ளைகளுக்கு மிகவும் கெடுதி. ஆகவே அதை உலரத் தேய்க்காமல், பெயின்ற் கழற்றும் மருந்து பூசி, அது சுருங்கிக் கொப்புளித்ததும் தகட்டுக் கரண்டியால் வழித்து, எஞ்சியதை நீரில் நனைக்கக்கூடிய வகைச் சாண்ட்பேப்பரால் ஈரத்தோடு தேய்த்தோம். வழித்ததையெல்லாம் ஒரு தகரத்தில் அடைத்து ஒதுக்கினோம். முற்றத்தில் கொட்டவுமில்லை, எரிக்கவுமில்லை. பிள்ளைகளை அன்று தாத்தா வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

மரம் வெளியே வந்ததும் 80, 120, 220 என்று சாண்ட்பேப்பரை மாற்றி மாற்றி, வரியின் போக்கிலேயே தேய்த்தேன். குறுக்கே தேய்த்தால் கீறல் வார்னிஷுக்குக் கீழே நிரந்தரமாகத் தெரியும். முகத்துக்குத் துணி கட்டியிருந்தேன், கையை மறந்துவிட்டேன். அன்றிரவு முழங்கை வரை தடித்துச் சிவந்து அரித்தது. முதிரைத் தூள் சிலருக்குத் தோலில் ஒவ்வாது என்பது ஓடாவிமாருக்குத் தெரிந்த செய்தியாம். மறுநாள் “நீளக்கை போட்டுக்கொண்டு செய்திருக்கலாமே ரீச்சர்” என்று ஐயா சாவகாசமாகச் சொன்னார்.

வாங்கின் நடுக்கால் ஒன்று ஆடியது. நான் ஆணியோடு நின்றேன். ஐயா அதை வாங்கி அப்பால் வைத்துவிட்டு, “ஆணி அடிச்சால் முதிரை பிளக்கும் ரீச்சர்” என்றார். அவர் செய்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். பொருத்தை மரச்சுத்தியலால் தட்டித் தட்டிக் கழற்றினார். துளைக்குள் கறுத்து இறுகியிருந்த பழைய பசையை உளி முனையால் நகக்கண்ணளவாகச் சுரண்டி எடுத்தார். பசை ஏற வேண்டுமென்றால் மரம் மரத்தைத் தொட வேண்டும், பழைய பசையைத் தொட்டுப் பயனில்லை என்றார். துளைக்குள் பொருந்தும், தேய்ந்து சிறுத்த கழுந்தின் தலையில் வாளால் ஒரு கீறு கீறி, அதில் மெல்லிய ஆப்பைச் செருகிப் பசையோடு இறக்கியபோது, ஆப்பு விரிந்து கால் இறுகிய சத்தம் காதுக்குக் கேட்டது. ஒரு சைக்கிள் ரியூப்பைச் சுற்றி இழுத்துக் கட்டி மறுநாள் வரை விட்டார். அலுமாரியின் பிணைச்சல்களுக்குத் திருகாணி தேவைப்பட்டபோது, முதலில் மெல்லிய துளை போட்டு, ஆணியின் புரியைச் சவர்க்காரக் கட்டியில் இரண்டு தரம் உரசிவிட்டுத் திருகினார். வெண்ணெய்க்குள் இறங்குவது போல் இறங்கியது. அவருக்கு நாட்கூலி 4,500 ரூபா, இரண்டு நாள். செலவைக் குறைக்க எண்ணி இதை நானே செய்ய முயன்றிருந்தால் வாங்கைப் பிளந்திருப்பேன். தேய்ப்பதையும் பூசுவதையும் நாமே செய்யலாம், பொருத்துகளை வேலை தெரிந்தவரிடம் விடுவதே சிக்கனம் என்பது என் முடிவு.

வார்னிஷ் பூசிய கதை சற்று நீளமானது. பழைய தளபாடங்களுக்குக் கொம்பரக்கைச் சாராவியில் (ஸ்பிரிட்டில்) கரைத்த பொலிஷ்தான் வழமை. அறைக்குள் இருக்கும் சாமானுக்கு அதன் மினுக்கத்துக்கு ஈடில்லை. ஆனால் அதில் தண்ணீர் நின்றால் வெள்ளை பூக்கும். விறாந்தைக்கு வெளிப்புறப் பாவனைக்குரிய வார்னிஷ் வாங்கினோம். முதற்பூச்சை மாசியில் ஒரு ஞாயிறு பூசினேன். பனியும் ஈரமும் விடாத ஒரு கிழமையில், மூன்று நாளாகியும் கை வைத்தால் ஒட்டியது. மாமா வந்தவர் கவனியாமல் பத்திரிகையை விரித்து அதில் அமர்ந்து, தேநீர் குடித்துவிட்டு எழுந்தபோது, மரண அறிவித்தல் பக்கம் முழுவதும் தலைகீழாக வாங்கில் பதிந்திருந்தது. அதைத் தேய்த்து எடுக்க இன்னொரு நாள் ஆயிற்று. அவர் மட்டும் பல நாளாக அதைச் சொல்லிச் சிரித்தார்.

ஈரம் போகட்டும் என்று வைகாசி வரை பொறுத்தேன். அதற்குள் தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றுத் தொடங்கிவிட்டது. எங்கள் வீடு கிழக்கே பார்ப்பதால் கச்சான் நேராக முகத்தில் அடிப்பதில்லை. ஆனால் ஒழுங்கையில் ஒரு லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரம் போனால் கிறவல் தூசு கால்மணி நேரம் அந்தரத்தில் நிற்கும். இரண்டாம் பூச்சில் நெல் உமி போலத் துணிக்கைகள் ஒட்டின. கடைசியில் கண்டுபிடித்த முறை இதுதான்: அதிகாலையில், காற்று எழும்ப முன்னர், கொட்டிலின் நிலத்துக்கும் சுற்றுமுற்றத்துக்கும் தண்ணீர் தெளித்துத் தூசை அடக்கிவிட்டு, மரத்தை ஈரத்துணியால் துடைத்து உலரவிட்டு, ஆறு மணிக்குள் மெல்லிய பூச்சாகப் பூசி முடிப்பது. தடிப்பாக ஒருமுறை பூசுவதைவிட மெல்லியதாக மூன்றுமுறை பூசி, இடையிடையே நுண்தாளால் தடவிவிடுவது உறுதியானது. தீந்தையும் எண்ணெயும் ஊறிய துணிகளைக் குவித்து மூலையில் போடக்கூடாது. ஆளி விதை எண்ணெய் தோய்ந்த துணிக் குவியல் தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடியது. விரித்துக் காயவிட்டு அகற்ற வேண்டும்.

கால்களின் அடிப்பகுதியைத்தான் பெரும்பாலானவர்கள் மறந்துவிடுகிறார்கள். அங்கே மரத்தின் வெட்டுமுகம் இருப்பதால், உறிஞ்சு குழாய் போல நிலத்து ஈரத்தை மேலே இழுக்கும்; பழைய வாங்குகள் பாதத்திலிருந்துதான் உக்கத் தொடங்குகின்றன. கவிழ்த்து வைத்து, அந்த வெட்டுமுகம் குடிப்பதை நிறுத்தும் வரை வார்னிஷ் ஊட்டினோம். நான்கு தடவை பிடித்தது. பின்னர் பழைய மோட்டார் சைக்கிள் ரயரில் வெட்டிய துண்டுகளைப் பாதங்களின் கீழ் வைத்தோம். 2018 மார்கழியில் இரணைமடுக் குளம் வான் பாய்ந்து ஊரெல்லாம் வெள்ளம் நின்றபோது, எங்கள் மேற்படி வரை தண்ணீர் வந்தது. அந்த நினைவிருப்பவர்களுக்கு இரண்டு அங்குல உயரம்கூடச் சிறிதன்று. சுவரிலிருந்து இரண்டு விரல் இடைவெளி விட்டே எல்லாவற்றையும் வைத்திருக்கிறோம். கறையான் சுவரோடு மண்குழாய் கட்டித்தான் ஏறும். இடைவெளியிருந்தால் குழாய் கண்ணில் படும், மறைவிருந்தால் படாது.

சுவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. வாங்கைச் சுவரோடு போட்டால், இருப்பவர் தலை சாயும் இடத்தில் மூன்று மாதத்தில் எண்ணெய்க் கறை வட்டமாகத் தெரியும். நல்லெண்ணெய் வைக்கும் ஊரில் இது தவிர்க்க முடியாதது. ஆகவே நிலத்திலிருந்து நாலரை அடி வரை, சாதாரண சுவர்ப் பெயின்ற்றுக்குப் பதிலாகக் கழுவக்கூடிய எண்ணெய்ப் பெயின்ற் மண்நிறத்தில் பூசினோம், மேலே வெள்ளை. இந்த ஒரு மாற்றம், 4,300 ரூபா, விறாந்தையின் தோற்றத்தை எல்லாவற்றையும் விட அதிகமாக மாற்றியது என்றால் மிகையன்று. கண்ணாடி மேசையிலிருந்து கழற்றிய பழைய கண்ணாடி ஒன்றை 3,000 ரூபாவுக்கு வாங்கி மாட்டினோம். ஓரங்களில் இரசம் போயிருக்கிறது, முகம் தெரியும், அது போதும். மின்குமிழை மஞ்சள் ஒளிக்கு மாற்றியதில் மழைக்காலத்து ஈசல் குறைந்தது.

கணக்கு கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன்: மூன்று சாமான்களுக்கும் 21,500 ரூபா, யாழ்ப்பாணத்திலிருந்து பட்டா வாகனத்தில் ஏற்றிவர 5,500, ஓடாவிக்கு 9,000, வார்னிஷ், மருந்து, தாள், பசை, பலகை எல்லாமாக 6,200, சுவருக்கு 4,300. மொத்தம் 46,500 ரூபா. பட்டாவில் பாதி வெறுமையாக வந்தது. பக்கத்து வீட்டார் ஒருவருக்கும் சாமான் தேவையிருந்ததை முன்பே கேட்டிருந்தால் அந்தச் செலவு பாதியாகியிருக்கும். சிப்போட்டில் போன 8,500ஐயும் சேர்த்தால் 55,000. இதே அளவில் முதிரை வாங்கு ஒன்று மட்டும் புதிதாகச் செய்ய ஐயா 35,000 சொன்னார், அதுவும் மரம் கிடைத்தால்.

இந்தப் பங்குனியில் புளியம்பொக்கணை நாகதம்பிரான் பொங்கலுக்காக, வாங்கை விற்ற அம்மா வவுனியாவிலிருந்து மகளோடு வந்தார். போகும் வழியில் எங்கள் வீட்டிலும் இறங்கினார். என் அம்மா அவரைக் கையில் பிடித்து அழைத்துவந்து வாங்கில் இருத்தினார். அவர் உள்ளங்கையால் பலகையை ஒருமுறை நீளமாகத் தடவினார். மூன்று தடவை வார்னிஷ் பூசிய அந்த மினுக்கத்தை அவர் மெச்சுவார் என்று எதிர்பார்த்து நான் தேநீரோடு நின்றுகொண்டிருந்தேன்.

“எல்லாம் நல்லாத்தான் இருக்குது பிள்ளை. ஆனா அந்தப் பச்சையைக் கழட்டாமல் விட்டிருக்கலாம்” என்றார்.

“நானும் உதைத்தான் சொன்னனான்” என்றார் என் அம்மா. அவர் அப்படி ஒருநாளும் சொல்லவில்லை.